தூது சென்ற புள்ளும் ஏட்டில் எழுதிய விலங்கும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில், ஆத்தூருக்கும் புன்னைக்காயலுக்கும் இடைப்பட்ட கழிநிலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நீர் தேங்கி நிற்கும் நாள்களில் நாரைகளும் கொக்குகளும் வந்து இறங்குகின்றன. உப்பளப் பாத்திகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் பூநாரைகளையும் காணலாம். இங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே நடந்தால் ஒரு நாள் நடைக்குள் திருக்குருகூர். நம்மாழ்வார் தூதுவிட்ட புட்களைப் பற்றி எழுதப்புகும் எவரும் இந்நிலக்கிடக்கையை முதலில் நெஞ்சில் கொள்வது தகும். அப்புட்கள் ஏட்டிலிருந்து பறந்து வந்தவை அல்ல. ஆழ்வார் அவதரித்த ஆற்றின் கடைமுகத்தில் இன்றும் இரை தேர்பவை.

திருவாய்மொழியில் தூதுப் பதிகங்கள் நான்கு: முதற்பத்தில் நான்காம் திருவாய்மொழி, ஆறாம் பத்தில் முதலாவதும் எட்டாவதும், ஒன்பதாம் பத்தில் ஏழாவது. இந்நான்கும் எம்பெருமானுடைய எந்த நிலையைக் குறித்து விடப்பட்டவை என்பதை அழகியமணவாளப்பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் வகுத்தருளினார். முதல் தூது வியூஹத்தில். அங்குப் பற்றாசு க்ஷமை. இரண்டாவது, திருவண்வண்டூர் என்னும் அர்ச்சாஸ்தலத்தின் பேரைக் கொண்டிருப்பினும், விபவத்தில். மூன்றாவது பரத்வத்திலும் அந்தர்யாமித்வத்திலும். நான்காவது திருமூழிக்களத்து அர்ச்சையில். அங்குப் பற்றாசு வடிவழகு. இவ்வகுப்பு ஸம்ப்ரதாயத்தில் நன்கு அறியப்பட்டது, இதில் விவாதமில்லை. தூது செல்லும் பறவைகள் ஆர் என்பதிலும் விவாதமில்லை. கடகராய் நின்று சேதநனையும் ஈச்வரனையும் சேர்ப்பிக்கும் ஆசார்யர்களே பறவைகளாகப் பேசப்படுகின்றனர். ஞானமும் அநுஷ்டானமும் அவர்களுக்கு இரு சிறகுகள்.

விவாதம் வேறோர் இடத்தில் எழுகிறது. ஆசார்யனே பறவை என்று தெளிந்தபின் பறவை என்ன ஆகிறது? இக்காலத் தமிழ் விமரிசகர் சிலர், உரையாசிரியர்கள் அகப்பாட்டின் உயிருள்ள நாரையைக் கொன்று அதன் தோலில் தத்துவத்தை அடைத்துவிட்டனர் என்று குறை கூறுவர். அடியார் குழாத்திலோ இதற்கு நேர்மாறான, ஆனால் அதே பிழையில் முடியும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. சிறு பிரசுரங்களிலும் உபந்யாஸக் குறிப்புகளிலும் அன்னம் என்றால் இன்னது, வண்டு என்றால் இன்னது, கிளி என்றால் இன்னது என இரு பத்தியில் அட்டவணையிட்டுக் கொடுத்துவிடுகின்றனர். அட்டவணையைக் கற்றவருக்குப் பாசுரம் வேண்டுவதில்லை. முன்னவர் பறவை தொலைந்ததென்று வருந்துகின்றனர். பின்னவர் தொலைந்ததை அறியவேயில்லை. பூருவாசார்யர்கள் உண்மையில் செய்தது என்ன என்பதை இருவருமே பார்க்கவில்லை.

இதனைப் பார்ப்பதற்கு அயல்நாட்டு மரபு ஒன்றைப் பக்கத்தில் வைப்பது உதவும். கிறிஸ்தவ சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த 'பிஸியோலோகஸ்' என்னும் சிறுநூல், விலங்குகள், பறவைகள், கற்கள் ஆகியவற்றின் இயல்பைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமயப்பொருள் கூறியது. அது இலத்தீனுக்குச் சென்று விரிந்து, 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் 'பெஸ்டியரி' என்னும் விலங்குநூல்களாகப் பெருகிற்று. தோலேடுகளில் பொன்தகடும் வண்ணமும் இட்டு எழுதப்பட்ட இவ்வோவியங்கள் மிக அழகியவை. ஏறத்தாழ 1200-இல் எழுதப்பட்டு இன்று அபெர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஏடு இவற்றுள் பெயர் பெற்றது.

அந்நூல்களில் பெரிதும் பேசப்படும் பறவை கூழைக்கடா. தன்னைக் கொத்திய குஞ்சுகளைத் தாய்ப்பறவை சினத்தால் கொன்றுவிடுகிறது. மூன்று நாள் துக்கித்துப் பின் தன் விலாவைத் தானே கிழித்து, வழியும் குருதியால் அவற்றை உயிர்ப்பிக்கிறது. இது கிறிஸ்துவின் பாடுகளுக்குக் குறி என்பது அந்நூலின் பொருள். ஓவியர் இதனை எழுதிய வகையை நோக்க வேண்டும். பல ஏடுகளில் அப்பறவை வளைந்த கூரலகுடன் பருந்துபோலவோ கழுகுபோலவோ இருக்கிறது. அலகின் கீழே தொங்கும் பையைக் காணோம். கூந்தன்குளத்து மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைக் கண்ட திருநெல்வேலிச் சிறுவன் எவனும் அவ்வோவியத்தைப் பார்த்து இது கூழைக்கடா என்று சொல்லமாட்டான். ஓவியர் பறவையைக் கண்டதில்லை. காண வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. விலாவைக் கிழிக்க ஏற்ற அலகு பொருளுக்கு வேண்டியிருந்தது. ஆகவே அலகு கூர்மையாயிற்று. பொருள் பறவையை வரைந்தது.

யானையின் கதையும் அப்படியே. யானைக்கு முழங்காலில் மூட்டு இல்லை, படுத்தால் எழாது, ஆகவே மரத்தில் சாய்ந்தே உறங்கும், வேடன் மரத்தை அறுத்து வைத்தால் விழுந்துவிடும் என்பது விலங்குநூலின் கூற்று. விழுந்த யானையைப் பெரிய யானை ஒன்று வந்து தூக்க முயன்றும் இயலவில்லை. பன்னிரண்டு யானைகள் வந்தும் இயலவில்லை. இறுதியில் ஒரு சிறிய யானை தன் துதிக்கையை அடியில் கொடுத்து எழுப்பிற்று. விழுந்தது ஆதாம், எழுப்பியது கிறிஸ்து. 1255-இல் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயி இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஹென்றிக்கு உயிருள்ள யானை ஒன்றை அனுப்பினான். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ் அதனை நேரில் பார்த்து வரைந்தார். அவர் வரைந்த யானைக்கு முழங்கால் மூட்டு இருந்தது. ஒரு யானை வந்து நின்றதும் ஒரு குறியின் கால் தளர்ந்தது என்று சொல்லலாம்.

வைணவ வாசகருக்கு இங்கே கஜேந்திராழ்வான் நினைவுக்கு வராதிருக்க இயலாது. இரண்டிலும் தன் முயற்சியால் மீளமாட்டாத யானை. இரண்டிலும் மீட்பவன் ஒருவன் வரவேண்டியிருக்கிறது. ஆயினும் கட்டுமானம் வேறு. கஜேந்திரன் யானையாயிருப்பது வெறும் வேடமன்று. நிலத்தில் வலிமை மிக்கதொன்று நீரில் வலியிழக்கும் என்பது மடு இருக்கும் எந்த ஊரிலும் கண்கூடு. வால்மீகி பகவான் தாமிரபரணியையே முதலைகள் நிறைந்த பேராறாகக் கிஷ்கிந்தா காண்டத்தில் குறித்திருக்கிறார். அடுத்து, உரையாசிரியர்கள் இவ்வானையின் துயரத்தைத் தம் அநுபவத்தால் நுட்பமாக்கினர்: தன் உடல் போகிறதே என்று அது கலங்கவில்லை, துதிக்கையில் எடுத்த பூ செவ்வி மாறுமுன் திருவடியில் சேரவேண்டுமே என்று கலங்கிற்று. மூட்டில்லாக் காலைப் பற்றி அங்கே எந்தக் கற்பனையும் வேண்டியிருக்கவில்லை. துதிக்கை துதிக்கையாகவே இருந்து பூவை ஏந்தியது. பொருள் அந்தத் துதிக்கையின் நுனியில் நின்றது.

தமிழ் வைணவ ஏடுகளில் இத்தகைய ஓவியம் வளராமைக்குப் பொருளின் இயல்பும் ஒரு காரணம். பனையோலை இரண்டு, மூன்று விரற்கடை அகலமே கொண்டது. எழுத்தாணி கீறிச் செல்வது. கீறலில் கரி தேய்த்தால் எழுத்துத் தெரியும். ஓலையில் ஓவியம் இயலாதென்பதன்று. பாலர் காலத்துப் பௌத்தர் பிரஜ்ஞாபாரமிதை ஏடுகளை வண்ண ஓவியத்தால் அழகுசெய்தனர். மேற்கிந்திய சைனர் கல்பஸூத்ர ஏடுகளில் திரிசலை கண்ட 14 கனவுகளை, யானையும் காளையும் சிங்கமும் முன்னே வர, எழுதிவைத்தனர். ஒடிசாவில் கீதகோவிந்தத்தை எழுத்தாணியாலேயே சித்திரமாகக் கீறினர். தமிழ் அருளிச்செயல் ஏடுகளிலோ ஓலை முழுதும் எழுத்தே நிறைந்தது. பாசுரத்தைச் சூழ்ந்து ஓவியம் படரவேண்டிய இடத்தில் வியாக்யானம் படர்ந்தது. ஆகவே அயல்நாட்டு ஏட்டோவியத்தோடு ஒப்பிடத்தக்கது இங்கே ஓவியமன்று, உரை. ஈடு முப்பத்தாறாயிரப்படியே நம் சித்திர ஏடு. நம்பிள்ளை சொல்ல, வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய அவ்வுரையில் பறவைகள் எவ்வாறு தீட்டப்பட்டன என்பதே கேள்வி.

தமிழில் இதற்கு முன்பே ஓர் இலக்கணம் இருந்தது. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு நிலமாகத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளைக் கொண்டார். புள்ளும் விலங்கும் மரமும் பூவும் அந்தந்த நிலத்தில் உள்ளபடி இருந்து, தலைவன் தலைவியரின் நிலையை உள்ளே சுமக்கும். கருப்பொருள் தன் இயல்பு பிறழ்ந்தால் உள்ளுறை சிதறிவிடும்; நெய்தல் நாரை நெய்தலில் இரை தேர்ந்தால்தான் அது எதையேனும் உணர்த்தும். உள்ளுறைக்கு அடிநிலமாகாத தெய்வமே ஸ்வாபதேசத்தில் எல்லாம் சென்று சேரும் முடிநிலமாயிற்று என்பது வியப்புக்குரியது. அடிநிலம் மட்டும் மாறவில்லை. ஸ்வாபதேசத்தை அயல்நாட்டு விலங்குநூலின் குறியீட்டோடு ஒன்றாக எண்ணுவோர் இந்த இலக்கணத் தொடர்ச்சியை மறந்துவிடுகின்றனர்.

'குறியீடு' என்னும் சொல்லே இங்குச் சற்று இடர் தருகிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு இலையை விட்டுப் பிரியாது. அந்த மண்ணில், அந்த ஆற்று நீரில் விளைந்த இலைக்கு மட்டுமே அது செல்லும். திருக்கோளூர்ப் பதிகத்தில் ஆழ்வார் வெற்றிலையையும் கண்ணனாகவே கண்டபோது வெற்றிலை வெற்றிலையல்லாமற் போய்விடவில்லை. இலக்கிய விமரிசனத்தில் வழங்கும் குறியீட்டைவிடச் சந்தையில் வழங்கும் இந்தக் குறியீடு பூருவாசார்யர்களின் கருத்துக்கு நெருங்கி நிற்கிறது!

இனி ஆசார்யஹ்ருதயத்தின் நெசவு. 234 சூர்ணிகைகளால் ஆன அந்நூலில் நாயனார் பெரும்பாலும் தம் சொல்லால் பேசுவதில்லை. ஆழ்வாருடைய சொற்றொடர்களையே துண்டு துண்டாக எடுத்துக் கோத்துச் செல்கிறார். பறவைகளைப் பற்றிய சூர்ணிகைகளும் இப்படியே அமைந்தவை. அன்னம் ஆசார்யன் என்று அவர் வெறுமனே சொல்வதில்லை. அதன் விவேகம், சேற்றில் உவப்பில்லாமை, நடை, ஹம்ஸமாய்த் தோன்றிச் சாஸ்திரம் உரைத்தவனோடு உள்ள ஒப்புமை ஆகியவற்றைப் பல பிரபந்தங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார். அவர் கையாள்வது பறவையின் பெயரையன்று, பாசுரத்தில் பெயருக்கு முன் நிற்கும் அடைமொழியையும் பின் வரும் வினையையும். விலங்குநூலில் இயல்பு வெளியிலிருந்து வருகிறது. கேள்விப்பட்ட கதை இயல்பாகிறது. நாயனாரிடத்தில் இயல்பு ஆழ்வார் கண்டு சொன்னதிலிருந்தே வருகிறது. அட்டவணை போடுகிறவர்கள் தள்ளிவிடுவது சரியாக இந்த அடைமொழியைத்தான்; பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடைமொழியை விட்டால் எஞ்சுவது சீட்டு ஒட்டிய கூண்டு. மணவாளமாமுனிகள் இச்சூர்ணிகைகளுக்கு வியாக்யானம் அருளியபோது சொல்தோறும் அது வந்த பாசுரத்தைக் காட்டிச் சென்றது இதற்காகவே. அவர் அவதரித்தது குருகூர், வளர்ந்தது சிக்கில் கிடாரம். கழியும் கானலும் அவருக்கு நூலறிவு மட்டுமல்ல.

இவ்விடத்தில் ஒரு தடையை மறைக்காமல் சொல்லவேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை ஒருவரும் கண்டதில்லை. அது கவிசமயம். அப்படியானால் அது கூழைக்கடாவின் குருதியைப்போன்றதுதானே என்று கேட்கலாம். முத்தைப் பற்றியும் இதே கேள்வி எழும். சிப்பி விடியலில் நீர்மேல் வந்து வாய்திறந்து வானத்துப் பனித்துளியை ஏற்க, அது முத்தாகிறது என்று விலங்குநூல் கூறி, கன்னியின் கருவுக்கு அதைக் குறியாக்கிற்று. இங்கேயும் சுவாதி நாளின் மழைத்துளி முத்தாகும் என்பது பழைய வழக்கு. ரகுவம்சத்தில் தாமிரபரணி கடலொடு கூடும் இடத்து முத்துக்களைப் பாண்டியர் திறையாகக் கொடுக்கின்றனர். அந்த முத்தை எடுத்த கடலோர மக்களுக்குச் சிப்பி மேலே வருவதில்லை என்பது தெரியும். கடலடிப் 'பார்'களில் அது கல்லைப் பற்றிக்கொண்டு கிடக்கும். மூச்சடக்கி மூழ்குபவன்தான் அதனிடம் செல்லவேண்டும். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பான 1961-ஆம் ஆண்டுக் குளிப்பு வரை அந்த அறிவு கைமாறி வந்தது. ஆகவே தமிழ் மரபிலும் கண்டறியாக் கதைகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

வேறுபாடு, கதையைக் கொண்டதில் இல்லை. அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டது என்பதில் இருக்கிறது. கூழைக்கடாவிடமிருந்து குருதிக்கதையை எடுத்துவிட்டால் விலங்குநூலில் அதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அன்னத்திடமிருந்து பால்நீர்க் கதையை எடுத்துவிட்டாலும் தூதுப் பதிகத்து அன்னம் அப்படியே நிற்கும். ஏனெனில் முதற்பத்துத் தூதில் தலைவி அன்னத்தை அழைக்கும்போது அது பெடையோடு கூடி மெல்ல நடப்பதையே காண்கிறாள். அந்தக் கூட்டத்தைக் காண்பதுதான் பிரிந்திருப்பவளை வருத்துகிறது. தானும் துணையோடு இருப்பதால் பிரிவின் வலி அதற்குத் தெரியும் என்னும் நம்பிக்கையில்தான் அதனிடம் சொல்கிறாள். இவை இரண்டும் குளக்கரையில் கண்டவை. விவேகம் என்னும் கவிசமயம் அதன்மேல் வந்து அமர்ந்த அணி. அணி இல்லாவிட்டாலும் மேனி உண்டு.

ஆயினும் நாயனாரின் பங்கீடு எல்லா இடத்திலும் ஒரே செறிவுடன் அமைந்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை. வண்டுக்கும் மேகத்துக்கும் அவர் காட்டும் பொருத்தம் வியக்கத்தக்கது. குறிப்பாக, பகவத்குணக் கடலை உட்கொண்டு உலகெங்கும் பொழியும் மேகமாக ஆசார்யர்களைக் கூறும் இடம். கடலில் எடுத்து நிலத்தில் விடும் மேகத்தின் தொழிலைக் கிழக்குக் கடற்கரையில் நின்று பார்த்தவருக்கு அதன் அருமை புரியும். வேறு சில புட்களுக்குப் பொருத்தம் சற்று விரைந்து சொல்லப்பட்டதாகவே படுகிறது. ஸூத்ர வடிவின் சுருக்கம் ஒரு காரணமாகலாம்.

அட்டவணையின் போதாமைக்குத் திருவாய்மொழிக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஒன்பதாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் தலைவி பறவைகளிடம் தூது சொல்லவில்லை. கூவாதீர்கள் என்று மன்றாடுகிறாள். குயிலின் குரலும் அன்றிலின் குரலும் அங்கே உயிரை வாங்குகின்றன. முதற்பத்திலும் ஆறாம் பத்திலும் தூதுக்கு அழைக்கப்பட்ட அதே குயில் இங்கே அவனுக்குத் துணைநின்று இவளை நலிகிறது. குயில் என்றால் ஆசார்யன் என்று எழுதிவைத்தவர் இப்பதிகத்துக்கு என்ன செய்வார்? உரை மரபோ இடர்ப்படவில்லை. இங்குப் பறவைகளை ஸ்மாரகம், அவனை நினைப்பூட்டும் பொருள் என்று கொண்டது. குரலும் நிறமும் அவனை நினைப்பூட்டுவதால் அவை வருத்துகின்றன. ஒரே பறவை, தலைவியின் நிலை மாற, வேறொன்றாகிறது. பறவை தன் குரலோடும் நிறத்தோடும் மாறாமல் நின்றால்தான் இப்படி இரு பக்கமும் திரும்ப முடியும். பொருளாகவே கரைந்துபோன பறவை ஒரு பக்கமே பார்க்கும்.

இதே நுட்பத்தை முதற்பத்துத் தூதின் வரிசையிலும் காணலாம். நாரை, குயில், அன்னம், மகன்றில், குருகு, வண்டு, கிளி என்று சென்று, எட்டாவதாகத் தலைவி தன் வீட்டுப் பூவையிடம் வருகிறாள். இது வெளியே பறக்கும் பறவையன்று; அவள் கையால் உண்பது. முன்பே சொன்னேன், நீ போகவில்லை. இனி உனக்கு உணவூட்ட என்னால் ஆகாது, வேறு ஒருவரைத் தேடிக்கொள் என்னும் கருத்துப்பட அவள் பேசுகிறாள். அதன்பின் எஞ்சியவை வாடைக்காற்றும் தன் நெஞ்சும். தூதுவர் ஒவ்வொருவராகக் குறைந்து, இறுதியில் சொல்பவளும் தூதும் ஒன்றாகிவிடும் இவ்விறக்கத்தைப் பறவைகளின் பெயர்ப்பட்டியல் காட்டாது. பூவைக்கு உணவூட்டும் கை ஓய்ந்துபோவதைக் காணாதவர், ஆழ்வாரின் ஆற்றாமை எவ்வளவு என்பதையும் காணமாட்டார்.

இவ்வளவும் பாட்டின் நயத்தைக் காக்கும் முயற்சி மட்டுமே என்று கருதவேண்டா. பறவை பறவையாகவே நிற்கவேண்டும் என்பதில் ஸம்ப்ரதாயத்தின் ஒரு பெரிய நிலைப்பாடே தங்கியிருக்கிறது. ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேரி நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, அவர் பிறந்த குலத்தை எண்ணாமல் பெரியநம்பி தாமே சரமகைங்கர்யத்தைச் செய்தார். இது தகுமோ என்று எழுந்த கேள்விக்கு அவர் காட்டிய முன்னோர் ஒழுக்கம் இரண்டு: தர்மபுத்ரர் விதுரருக்குச் செய்தது, சக்ரவர்த்தித் திருமகன் ஜடாயுவுக்குச் செய்தது. பிள்ளைலோகாசாரியரும் ஸ்ரீவசநபூஷணத்தில் இவ்விரண்டையும் எடுத்து ஆள்கிறார். ஸம்ப்ரதாயம் ஜடாயுவைப் 'பெரியவுடையார்' என்று போற்றுவது கழுகாய் இருந்தும் பெற்ற பெருமையைக் கருதியே.

பெரியநம்பியின் வாதத்தின் உறுதி எங்கே இருக்கிறது? ஜடாயு மெய்யாகவே கழுகு என்பதில். அவன் ஏதோ ஒரு முனிவருக்குக் குறி, பறவை வெறும் வேடம் என்று கொண்டுவிட்டால், பெருமாள் செய்த ஸம்ஸ்காரம் முனிவருக்குச் செய்ததாகிவிடும்; பெரியநம்பிக்கு அது முன்னுதாரணமாகாது. திர்யக்கான ஒன்றுக்கு, இறகும் அலகும் உடைய ஒன்றுக்கு, ஒரு மகன் தந்தைக்குச் செய்வதைச் சக்ரவர்த்தித் திருமகன் செய்தான் என்பதால்தான் பிறப்பின் ஏற்றத்தாழ்வு அங்கே உதிர்கிறது. ஆசார்யஹ்ருதயம் பாகவதர்களின் ஜந்மத்தை ஆராயலாகாது என்பதை அத்தனை விரிவாக நிறுவியபின், ஆசார்யர்களைப் பறவையாகப் பேசும் இடத்துக்கு வருகிறது. இவ்விரண்டும் ஒரே நூலுள் அமைந்தது தற்செயலன்று. குலம், வித்தை, வடிவு எதுவும் இல்லாத ஒரு புள்ளின் காலில் விழுந்து இரக்கும் தலைவியின் நிலையே ஆசார்யனிடத்தில் சிஷ்யனுக்கு விதிக்கப்பட்ட நிலை. புள்ளைப் பண்டிதராக்கிவிட்டால் அந்த வணக்கத்தில் புதுமை ஒன்றுமில்லை. பண்டிதரை யாரும் வணங்குவர். ஆறாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் பொன்னுலகையும் இவ்வுலகையும் பறவைகளுக்குப் பரிசாகத் தருவதாகச் சொல்லும்போது, உபயவிபூதியும் யாருடைய காலடியில் வைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தூதாகத் திருவடி என்னும் குரங்கை அனுப்பினவனுக்கு எதிர்த்தூதாகப் பறவை செல்வது பொருத்தமே. தேசிகனும் ஹம்ஸஸந்தேசத்தில் அத்திருவடி திரும்பி வந்த பின்னரே பெருமாள் ஓர் அன்னத்தைப் பிராட்டியிடம் விடுவதாக அமைத்தார். அங்குத் தூது செல்லும் திசை தலைகீழாகிறது. அவனே பறவையை இரக்கிறான். நிலமும் ஆறும் க்ஷேத்ரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அன்னத்தின் கண்ணுக்குக் கீழே விரியும்படி வழி சொல்லப்படுகிறது. பறவை மெய்யாகப் பறந்தாலொழிய அந்தக் காவ்யம் நடவாது.

நான்காம் தூதுக்கு மீண்டும் வருவோம். திருமூழிக்களம் மலைநாட்டுத் திருப்பதி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் உள்ளது. ஆனால் பதிகம் தொடங்கும்போதே தலைவி தான் நிற்கும் கானலை எம்முடையது என்று உரிமையோடு சொல்கிறாள். அங்குள்ள கழியில் இரை தேர்ந்து இனிதே அமரும் சிவந்த காலுடைய நாரையை அழைக்கிறாள். அந்தக் கானல் எது? அகமரபில் நெய்தல் பொதுநிலம், ஊர்ப்பெயர் கேட்கலாகாது என்பர். அதுவும் உண்மையே. எனினும் குருகூரில் புளியமரத்தடியில் இருந்தவருடைய 'எம்' என்னும் சொல்லுக்கு எட்டும் கானல், கொற்கைக்கும் ஆத்தூருக்கும் கீழே ஆறு விரிந்து கடலில் சேரும் இந்த இடம் என்று கொள்வதில் உரைக்கு ஒரு குறையும் வாராது. மாறாக ஒரு பயன் உண்டு. கிழக்குக் கடற்கரையில் இரை போதுமென்று அமர்ந்திருக்கும் நாரையை, மலை கடந்து மேற்கே அனுப்பவேண்டியிருக்கிறது. அமர்ந்திருப்பதன் இனிமையைச் சொல்லிய பிறகே எழுந்து போகச் சொல்லுகிறாள். தன் நிறைவை விட்டுப் பிறர்பொருட்டு எழுவதே கடகனின் செயல் என்னும் ஸ்வாபதேசம் நாரையின் அந்த இருப்பிலிருந்தே பிறக்கிறது.

ஏட்டில் எழுதப்படாத பறவை நம் நாட்டில் வேறோர் இடத்தில் உருப்பெற்றது. தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர் ஸந்நிதிக்கு நேரே நிற்கவேண்டிய கருடன் சற்று விலகி நிற்கிறான். வேதகோஷத்தையும் வீதியில் பிள்ளைகள் விளையாடும் ஒலியையும் பெருமாள் தடையின்றி அநுபவிக்க அவனை விலகச் சொன்னார் என்பது தலமரபு. கருடன் வேதஸ்வரூபி என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் அங்கே அவன் இறகு விரித்தால் பார்வையை மறைக்கும் ஒரு பெரிய பறவையாகவும் இருக்கிறான், ஆகவேதான் விலகவேண்டியிருந்தது.

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவில் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் குருகூரில் கருடவாஹனத்தில் எழுந்தருளுகின்றனர். ஆழ்வார் அன்னவாஹனத்தில் அவர்களுக்கு எதிரே எழுந்தருளுகிறார். பெடையோடு மென்னடை பயிலும் அன்னத்தை ஆழ்வார் ஒருநாள் தூதாக இரந்தார். இங்கே அந்த அன்னத்தின் முதுகில் இருக்கிறார். பொன்முலாம் பூசிய அதன் கழுத்தும் அலகும் தீவட்டி வெளிச்சத்தில் அசையும். தோளுக்கினியார் நடக்கும் நடையே அதன் நடை. திருவாய்மொழி கோஷ்டி முன்னே செல்ல, ஒன்பது கருடர்களும் ஒவ்வொருவராக மாடவீதி திரும்புகின்றனர்.